ஒன்றுவிட்ட சகோதரிகள்: சிறார் சித்திரத் தொடர்களில் தன்பாலீர்ப்பு மாந்தர்

கோடை விடுமுறைக்கு நம் தம்பியின் மகள் வீட்டிற்கு வந்திருந்தாள். பத்து வயது. கைக்கணினித் திரையில் அமெரிக்கச் சித்திரத் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “பெரியப்பா, இந்தச் சிவப்புப் பொண்ணும் நீலப் பொண்ணும் யாரு?” என்று கேட்டாள். குள்ளமான இரு பெண்ணுருவங்கள் திரையில் கைகோத்து நின்றன. நாம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். தலை நிமிராமலே, “அக்கா தங்கச்சியா இருக்கும்மா” என்றோம். சற்று நேரம் கழித்து மறுபடியும் வந்து நின்றாள். “அக்கா தங்கச்சின்னா ஏன் பெரியப்பா கல்யாணம் பண்ணிக்கிறாங்க?”

பேனாவை மூடி வைத்தோம். அகத்திணையை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறோம். களவும் கற்பும் உடன்போக்கும் பேசத் தயங்கியதில்லை. ஆனால் ஒரு குழந்தையின் நேரான வினாவுக்கு முன்னால் நாவெழவில்லை. “அது சும்மா கதைதாம்மா” என்று மழுப்பினோம். அவள் நம்மை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த மழுப்பல் உறுத்திக்கொண்டே இருந்தது. சித்திரத் தொடர்களில் இத்தகைய மாந்தர் எப்போது வந்தனர், எவ்வாறு வந்தனர் என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம். படித்தபோது கிடைத்த முதல் அதிர்ச்சி, நாம் அன்று சொன்ன பொய் நமக்கு மட்டும் உரியதன்று என்பதுதான். ஏறத்தாழ அதே பொய்யை, அதே அவசரத்தோடு, 2000ஆம் ஆண்டில் ஒரு தொடரின் மொழிமாற்றத்திலேயே எழுதி ஒளிபரப்பியிருக்கிறார்கள். அந்தக் கதைக்குப் பின்னர் வருவோம்.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு முதலில். நாம் மாணவராக இருந்த காலத்தில் தமிழில் புழங்கியது ‘ஓரினச்சேர்க்கை’ என்னும் சொல். அது ஓர் உறவை உடற்செயலாக மட்டும் சுருக்கிவிடுகிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தொடுத்த வினாக்களின் விளைவாக, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இத்துறைக்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ‘தன்பாலீர்ப்பு’ போன்ற சொற்கள் இன்று நிலைபெற்று வருகின்றன. சிறார் தொடர்களைப் பேசும்போது இந்த வேறுபாடு முக்கியமானது. அவற்றில் சேர்க்கை என்று எதுவும் இல்லை. யார் யாருடைய கையைப் பற்றுகிறார், யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதே அங்குள்ளது. பழைய சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு அந்தக் கைப்பற்றலும் ஆபாசமாகத் தோன்றும். சிக்கலின் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

விக் கழன்றதும் முடியும் காதல்

அமெரிக்கத் திரைப்படத் துறை 1930இல் தனக்குத்தானே ஒரு நடத்தை விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டது. ஹேஸ் விதிகள் என்று பெயர். 1934 முதல் அது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. பிறழ்ந்த பாலுறவு என்று அது கருதியவற்றைக் குறிப்பாகக்கூடக் காட்டலாகாது என்பது அதன் ஆணைகளுள் ஒன்று. 1968இல் தரச்சான்று முறை வரும்வரை இவ்விதிகள் நீடித்தன. அக்காலக் கார்ட்டூன்கள் திரையரங்குகளுக்கு உரியவை என்பதால் அவையும் இதற்கு உட்பட்டன.

ஆனால் ஒரு சிறு வாசல் திறந்திருந்தது: நகைச்சுவை. பக்ஸ் பன்னி என்னும் முயல் எத்தனையோ படங்களில் பெண்வேடம் பூண்டு வேட்டைக்காரன் எல்மர் ஃபட்டை ஏமாற்றுகிறது. சக் ஜோன்ஸ் 1957இல் இயக்கிய ‘வாட்ஸ் ஆப்பரா, டாக்?’ என்னும் ஏழு நிமிடப் படம் அவற்றுள் புகழ்பெற்றது. வாக்னரின் இசைநாடக நாயகி வேடத்தில் முயல் குதிரைமேல் வர, எல்மர் மனம் உருகிக் காதல் கொள்கிறான். தலைக்கவசமும் பின்னலும் கழன்று விழுந்ததும் காதல் முடிந்து கொலைவெறி தொடங்கிவிடும். ஆணும் ஆணும் ஆடலாம், முத்தமிடலாம், விக் இருக்கும்வரை. சிரிப்புக்கு அனுமதி உண்டு, அன்புக்கு இல்லை.

விதிகள் மறைந்த பின்னரும் வழக்கம் மறையவில்லை. டிஸ்னி படங்களின் தீயவர்களைக் கவனித்துப் பார்த்தவர்க்கு இது புரியும். ‘அலாதீன்’ படத்து ஜாஃபர், ‘லயன் கிங்’ படத்து ஸ்கார் ஆகியோரின் நளினமான கையசைவும் இழுத்துப் பேசும் குரலும் ஆண்மை குறைந்தவன் கெட்டவன் என்னும் பாடத்தை ஓசையின்றி நடத்தின. இங்கே வரலாறு எளிய நியாயங்களுக்குள் அடங்க மறுக்கிறது. அவ்விருவரையும் வரைந்த தலைமை ஓவியர் ஆந்திரேயாஸ் டேஜா, தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைத்தவரல்லர். ‘லிட்டில் மெர்மெய்ட்’ (1989) படத்தில் வரும் கடற்சூனியக்காரி அர்சுலாவின் தோற்றத்திற்கு மாதிரியாக அமைந்தவர், பெண்வேடக் கலைஞராகப் புகழ்பெற்ற டிவைன். அப்படத்தின் பாடல்களை எழுதி, தயாரிப்பிலும் பங்கேற்ற ஹோவர்ட் ஆஷ்மன் தன்பாலீர்ப்பாளர். எய்ட்ஸ் நோயின் விளைவுகளால் 1991 மார்ச்சில் நாற்பது வயதில் மறைந்தார். அதே ஆண்டு இறுதியில் வெளிவந்த ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. பேச்சிழந்த பெண், ஊரார் வேட்டையாடத் துடிக்கும் விலங்குருவான காதலன் என்று அவர் கைபட்ட கதைகளைத் திரும்பப் பார்க்கும்போது, சொல்ல முடியாத ஒன்று சொல்லுக்கு அடியில் ஓடுவதை உணர்கிறோம்.

தமிழ் படித்தவர்க்கு இவ்விடத்தில் உள்ளுறை நினைவுக்கு வராமல் இராது. தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை இடமாகக் கொண்டு, புலியையும் யானையையும் பேசி, தலைவன் தலைவியின் நிலையை உணர்த்தும் உத்தி அது. சித்திரக்காரர்களும் விலங்கையும் கடலையும் கொண்டு அதையே செய்தனர் எனலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சங்கப் புலவர் உள்ளுறையைக் கையாண்டது, நுண்ணுணர்வுடைய கேட்போரை நம்பி. இவர்கள் கையாண்டது, கேட்போரில் சிலர் கண்டுகொண்டால் வேலை போய்விடும் என்று அஞ்சி. அழகு ஒன்றாக இருக்கலாம். அதைப் பிறப்பித்த நிலைமை வேறு.

தாக்காராசுகாவிலிருந்து நிலவு வரை

இந்த வரலாற்றின் செழிப்பான பகுதி ஜப்பானில் இருக்கிறது. அங்கு இது கார்ட்டூனில் தொடங்கவில்லை; இலக்கியத்தில் தொடங்கியது. யோஷியா நொபுக்கோ என்னும் பெண் எழுத்தாளர் 1916 முதல் எழுதிய ‘மலர்க் கதைகள்’, பள்ளி மாணவியரிடையே அரும்பும் உருக்கமான பற்றைப் பொருளாகக் கொண்டவை. பெண்குழந்தைகளுக்கான இதழில் அவை தொடராக வந்தன. அத்தகைய கதைகளுக்கு ‘எஸ்’ என்னும் ஓரெழுத்துக் குறியீடே வழங்கியது. அந்தப் பற்று திருமணத்துக்கு முந்தைய ஒரு பருவம், தானே மறைந்துவிடும் என்பது ஊராரின் எண்ணம். யோஷியாவின் வாழ்வில் அது மறையவில்லை. மொன்மா சியோ என்னும் பெண்ணோடு அரை நூற்றாண்டு வாழ்ந்தார். இரு பெண்கள் மணம் செய்துகொள்ள வழியில்லாததால், 1957இல் தம் துணைவியைச் சட்டப்படி மகளாகத் தத்தெடுத்துக்கொண்டார். காதலுக்கு உறவுமுறைப் பெயரைப் போர்த்தும் கட்டாயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இன்னொரு ஊற்று தாக்காராசுகா நாடகக் குழு. இரயில் நிறுவன அதிபர் கொபயாஷி இச்சிஸோ, தம் வழித்தடத்தின் கடைசி ஊரான வெந்நீரூற்று நகருக்குப் பயணிகளை ஈர்க்க 1913இல் அதைத் தொடங்கினார். 1914இல் முதல் அரங்கேற்றம். பெண்கள் மட்டுமே நடிக்கும் குழு அது. ஆண் பாத்திரம் ஏற்கும் நடிகையருக்கு அங்கு இன்றளவும் பெண் ரசிகைகள் திரள்கின்றனர். அந்நகரில் வளர்ந்த சிறுவன் ஒருவன் தாயோடு அந்நாடகங்களைப் பார்த்துப் பழகினான். பிற்காலத்தில் ஜப்பானியச் சித்திரக்கதையின் தந்தை எனப் போற்றப்பட்ட ஒசாமு தெசூகா அவர்தாம். 1953இல் அவர் தொடங்கிய ‘ரிபோன் நோ கிஷி’ கதையில் இளவரசி சஃபையருக்கு ஆணின் நீல இதயமும் பெண்ணின் இளஞ்சிவப்பு இதயமும் சேர்ந்தே இருக்கின்றன; நாட்டைக் காக்க அவள் இளவரசனாக வாழ்கிறாள். அடுத்து ரியோக்கோ இக்கேதா 1972இல் தொடங்கிய ‘வெர்சாய் ரோஜா’. பிரெஞ்சு அரசியின் காவற்படைத் தலைவியாக, ஆணுடையில் வாழும் ஆஸ்கார் என்னும் பெண் அதன் உயிர். அக்கதையை 1974இல் தாக்காராசுகா மேடையேற்றிப் பெருவெற்றி கண்டது. ஊற்று சுற்றிவந்து தன் தொடக்கத்தைச் சேர்ந்தது.

இந்த மரபின் வழியில்தான் ‘செய்லர் மூன்’ வருகிறது. நவோக்கோ தாக்கேயுச்சியின் சித்திரக்கதையைத் தோயெய் நிறுவனம் தொலைக்காட்சித் தொடராக்கியது. 1992 மார்ச் முதல் 1997 பிப்ரவரி வரை 200 பகுதிகள். பள்ளிச் சிறுமியர் கோள்களின் வலிமை பெற்று உலகைக் காக்கும் கதை. முதற்பருவத்திலேயே பகைவர் கூட்டத்தில் குன்சைட், சாய்சைட் என்னும் இரு ஆண்கள் காதலராக வருகின்றனர். சாய்சைட் உயிர்நீக்கும் காட்சியில் அழகான சாவு வேண்டும் என்று கேட்க, குன்சைட் தன் மாய ஆற்றலால் மலர்வெளி ஒன்றை உண்டாக்கி அதில் அவனை மடியில் ஏந்துகிறான். பகைவருக்கும் காதல் உண்டு, இழப்பு உண்டு என்று குழந்தைகளுக்குச் சொன்ன காட்சி.

மூன்றாம் பருவத்தில் (1994–95) ஹாருகாவும் மிச்சிருவும் வந்தனர். ஒருத்தி கார்ப்பந்தய வீராங்கனை. ஆண்களின் சீருடை அணிபவள். மற்றவள் வயலின் கலைஞர். கதைநாயகியும் தோழியும் முதலில் ஹாருகாவை ஆண் என்றெண்ணி மயங்கி, உண்மை தெரிந்து திகைக்கிறார்கள். திகைப்பு அத்தோடு தீர்ந்துவிடுகிறது. அவ்விருவரும் இணையர் என்பது தொடரில் விவாதப் பொருளாவதே இல்லை. உலகுக்காக ஒருவரையொருவர் இழக்கவும் துணியும் வீரர்கள் என்பதே அவர்களைப் பற்றிய முதற்செய்தி. அவர்கள் சிரிப்புக்குரியவர்களும் அல்லர், தீயவர்களும் அல்லர். அமெரிக்கக் கார்ட்டூன் அன்றளவும் திறக்காத கதவு அது.

கடல்கடந்தபோது நேர்ந்தது

1995இல் இத்தொடர் ஆங்கிலத்தில் மொழிமாற்றப்பட்டு வட அமெரிக்காவுக்குப் போனது. சாய்சைட்டின் பின்னலும் மென்குரலும் வசதியாக இருந்தன, அவனைப் பெண்ணாக்கிவிட்டனர். பெண் ஒருத்தி குரல் கொடுத்தாள், காட்சியில் ஒரு கோடுகூட மாறவில்லை. மலர்வெளிச் சாவு, ஆண் பெண் காதலின் சாவாயிற்று. நான்காம் பருவத்தில் வரும் ஃபிஷ் ஐ என்னும் ஆண் பாத்திரத்துக்கும் பின்னர் இதே கதி.

ஹாருகா, மிச்சிருவை அவ்வாறு செய்ய இயலவில்லை. ஹாருகாவை ஆணாக்கலாம் என்றால், அவளும் பாவாடை அணிந்த வீராங்கனையாக உருமாறிப் போரிடுகிறாள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஒளிபரப்பானபோது, ஹாருகா அமாரா ஆனாள், மிச்சிரு மிஷெல் ஆனாள், இருவரும் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று வசனம் எழுதப்பட்டது. உரையாடலை மாற்றியவர்களால் கண்களை மாற்ற முடியவில்லை. ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை, கைகோத்தல், சீண்டல் யாவும் அப்படியே இருந்தன. காதலை மறைக்கப் போய், உறவினரிடையே காதல் என்று பார்ப்பவர் ஐயுறும் நிலையை அவர்களே உண்டாக்கினர். பார்த்த பிள்ளைகளுக்கு ஏதோ பொருந்தவில்லை என்பது தெரிந்தது. நம் வீட்டுப் பிள்ளைக்கு அரைமணி நேரத்தில் தெரிந்ததுபோல.

கடைசிப் பருவத்தில் மூன்று ஆண் பாடகர்கள் போர்க்காலத்தில் பெண்களாக உருமாறுவர். ஆங்கில மொழிமாற்றம் அக்காலத்தில் அப்பருவத்தைத் தொடவேயில்லை. இத்தாலியர் வேறு வழி கண்டனர்: பாடகர்கள் உருமாறுவதில்லை, தம் இரட்டைச் சகோதரிகளை அழைக்கின்றனர் என்று வசனத்தைத் திருத்தினர். மீண்டும் சகோதரிகள். தத்தெடுத்த மகள், ஒன்றுவிட்ட சகோதரி, இரட்டைச் சகோதரி என்று குடும்பச் சொற்களே முகமூடிகளாயின. குடும்பத்தைக் காக்கவே தணிக்கை என்பார்கள். அத்தணிக்கை முதலில் கைவைத்தது உறவுமுறைகளின் மேல் என்பது வியப்புக்குரியது. 2014இல் விஸ் மீடியா நிறுவனம் உரிமை பெற்றுப் புதிதாக மொழிமாற்றியபோதுதான் அவ்விருவரும் ஆங்கிலத்தில் காதலர் ஆனார்கள்.

அகத்திணை மாந்தர்க்குப் பெயர் சுட்டலாகாது என்பது நம் மரபு. பெயரின்மையால் அக்காதல் எல்லோருடையதும் ஆகிறது. எந்த ஊர்த் தலைவியும் அத்தலைவியாகலாம். இங்கும் ஒரு பெயரின்மை செயற்பட்டது. காதல் என்னும் பெயர் நீங்கியதால் அது யாருடையதும் இல்லாததாயிற்று. தன்னைப்போல் ஒருவர் உலகில் உண்டா என்று தேடிய பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் திரை சொன்ன விடை, ‘இல்லை, நீ பார்த்தது தவறு’ என்பதுதான்.

முயலும் ஆசிரியரும்

அமெரிக்கப் பொது ஒளிபரப்பில் நடந்த இரு நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் காலத்தின் நகர்வு தெளிவாகும். மார்க் பிரவுனின் புத்தகங்களிலிருந்து 1996இல் பிறந்த தொடர் ‘ஆர்தர்’. எறும்புதின்னி இனச் சிறுவன் ஆர்தர், அவன் நண்பன் பஸ்டர் என்னும் முயல், அவர்களுடைய கண்டிப்பான ஆசிரியர் திரு. ராட்பர்ன் என்னும் எலி. அம்முயலை மையமாக வைத்து 2004இல் ‘பஸ்டரிடமிருந்து அஞ்சலட்டைகள்’ என்னும் கிளைத்தொடர் வந்தது. சித்திர முயல் கையில் கேமராவோடு நாட்டைச் சுற்றி, உண்மையான குடும்பங்களையும் உண்மையான குழந்தைகளையும் சந்திக்கும். மார்மன் குடும்பம், முஸ்லிம் குடும்பம் என்று அதன் பட்டியல் நீளும். கல்வித்துறையின் நிதியுதவி அதற்கு இருந்தது.

ஒரு பகுதியில் முயல் வெர்மான்ட் மாநிலத்துக்குப் போயிற்று. ஒருபால் இணையர்க்குச் சட்ட ஏற்பு முறையை 2000ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்த மாநிலம் அது. மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிப் பாகெடுப்பதும் பாலாடைக்கட்டி செய்வதும்தான் அப்பகுதியின் பாடம். முயல் சந்தித்த குழந்தைகளின் வீடுகளில் இரண்டு தாய்மார் இருந்தனர். யாரும் அதற்கு விளக்கமளிக்கவில்லை. அம்மாக்கள் நிறைய இருக்கிறார்களே என்று முயல் வியந்துவிட்டுப் பாகு காய்ச்சப் போய்விடும். 2005 ஜனவரியில், பதவியேற்ற சில நாட்களிலேயே, கல்விச் செயலர் மார்கரெட் ஸ்பெல்லிங்ஸ் ஒளிபரப்பு அமைப்புக்குக் கடிதம் எழுதினார். இத்தகைய வாழ்முறையைத் தம் குழந்தைகள் காண்பதைப் பல பெற்றோர் விரும்பமாட்டார்கள் என்றும், அப்பகுதிக்குச் செலவிட்ட அரசுப் பணத்தைத் திருப்பித் தருவதை எண்ணிப்பார்க்க வேண்டும் என்றும் அதில் கூறியிருந்தார். நாடெங்கும் அப்பகுதியை வழங்குவதில்லை என்று ஒளிபரப்பு அமைப்பு முடிவெடுத்தது. தயாரித்த பாஸ்டன் நிலையம் தானே ஒளிபரப்பி, விரும்பிய நிலையங்களுக்கும் கொடுத்தது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களில் சிறு பகுதியே அதை ஏற்றன.

இந்நிகழ்ச்சியில் நம்மை வருத்துவது ஒன்று. பஸ்டர் சித்திரம், அக்குழந்தைகள் சித்திரமல்லர். தம் வீட்டுக்கு முயல் வந்ததை நண்பர்களுக்குச் சொல்லிக் காத்திருந்திருக்கக்கூடிய பிள்ளைகள். மற்ற குடும்பங்களெல்லாம் திரைக்கு வந்தன. உங்கள் குடும்பம் மட்டும் பிற குழந்தைகள் பார்க்கத் தகாதது என்று அரசின் முத்திரையோடு சொல்லப்பட்டது அவர்களிடம்தான். குழந்தைகளைக் காக்க வேண்டும் என்று பேசியவர்களின் கணக்கில் அந்தக் குழந்தைகள் சேரவில்லை.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2019 மே 13 அன்று, அதே முயலும் நண்பர்களும் தம் ஆசிரியர் ராட்பர்னின் திருமணத்துக்குப் போனார்கள். அதிகாரம் செய்யும் ஒரு பெண்ணை அவர் மணக்கப்போகிறார் என்று அஞ்சி, தடுக்கப் படாதபாடு படுகிறார்கள். அவள் அவருடைய தமக்கை என்பதும், மணமகன் பாட்ரிக் என்னும் சாக்லேட் செய்பவர் என்பதும் மண்டபத்தில்தான் தெரியவருகிறது. ஒரு கணம் வியப்பு, பிறகு மகிழ்ச்சி. ஆசிரியர் நடனமாடுவதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. ஆசிரியத் தொழிலில் இருப்பவர் என்ற முறையில் இந்நகைச்சுவையை நாம் மிகவும் சுவைத்தோம். மாணவர்க்கு ஆசிரியரின் காதலன்று, ஆசிரியரின் ஆட்டமே அதிர்ச்சி. அலபாமா மாநிலப் பொதுத் தொலைக்காட்சி அதற்குப் பதில் பழைய பகுதியொன்றை ஒளிபரப்பியது. 2005இலும் அது பஸ்டரை மறுத்த நிலையந்தான். இடையில், 2015 ஜூனில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை நாடு முழுமைக்கும் செல்லுபடியாக்கியிருந்தது.

கைகோத்தலிலிருந்து மணமேடைக்கு

இவ்விரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் வணிகத் தொலைக்காட்சியிலும் மாற்றம் நிகழ்ந்தது. நிக்கலோடியனின் ‘லெஜண்ட் ஆஃப் கோரா’ 2014 டிசம்பர் 19 அன்று முடிந்தது. இறுதிக்காட்சியில் நாயகி கோராவும் தோழி அசாமியும் கைகோத்து ஒளிவாயிலுக்குள் நடந்து, ஒருவரையொருவர் நோக்கி நிற்கின்றனர். அவ்வளவுதான். மூன்று நாள் கழித்துப் படைப்பாளிகள் இருவரும், அது காதலே என்று எழுத்தில் உறுதிசெய்தனர். அவர்களுள் பிரையன் கொனியெட்ஸ்கோ எழுதியது சிந்திக்கத்தக்கது. சிறார் தொடரில் இதற்கு இடமில்லை என்று தாங்களே எண்ணிக்கொண்டிருந்ததாகவும், எழுதப்படாத விதியொன்றுக்குக் கட்டுப்பட்டிருந்ததாகவும், கேட்டுப் பார்த்தபோது நிறுவனம் ஓரளவு வரை ஒத்துழைத்ததாகவும் அவர் கூறினார். தணிக்கையாளர் வெளியே மட்டும் இருப்பதில்லை.

வெளியே இருப்பவரும் உண்டு. ‘அட்வென்ச்சர் டைம்’ தொடரின் மார்சலீனும் இளவரசி பபுள்கமும் முன்னாள் காதலர் என்று அதன் படைப்பாளியே சொன்னதாகவும், தொடர் விற்பனையாகும் சில நாடுகளில் அது சட்டத்துக்குப் புறம்பு என்பதால் திரையில் சொல்ல இயலாதென அவர் கூறியதாகவும் மார்சலீனுக்குக் குரல் கொடுத்த நடிகை 2014இல் தெரிவித்தார். அமெரிக்கச் சித்திரத் தொடர் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. பல நாடுகளுக்கு விற்றால்தான் செலவு கட்டும். மிகக் கடுமையான சந்தை எதுவோ அதுவே மற்றவர்க்கும் எல்லை வகுக்கிறது. அவ்விருவரும் திரையில் முத்தமிட்டது 2018 செப்டம்பரில், தொடரின் கடைசிப் பகுதியில்தான்.

அத்தொடரில் கதைப்பலகை ஓவியராக இருந்த ரெபெக்கா ஷுகர், கார்ட்டூன் நெட்வொர்க்கில் தனியொருவராகத் தொடரைப் படைத்த முதற்பெண். 2013இல் தொடங்கிய அவருடைய ‘ஸ்டீவன் யூனிவர்ஸ்’ தொடரில் மணிக்கற்களே உயிர்களாக உலவுகின்றன. யாவும் பெண் தோற்றம். இரண்டு கற்கள் மனமொத்தால் இணைந்து ஓருருவாகும். கார்னெட் என்னும் உயர்ந்த, அமைதியான வீராங்கனை உண்மையில் ரூபி, சஃபையர் என்னும் இருவரின் இணைவு என்பது 2015 மார்ச்சில் வெளிப்பட்டது. ஒரு மனிதர்போல் நாம் நேசித்த பாத்திரம் ஓர் உறவே என்று சொல்லும் உருவகம் இது. இரு மனம் ஒன்றாய்க் கலப்பதைப் பாடிய மொழிக்காரர்களுக்கு இதில் அயன்மை ஏதும் தோன்றாது. தெசூகாவின் இளவரசிக்கும் சஃபையர் என்றே பெயர் என்பதையும் வாசகர் கவனிக்கலாம்.

2018 ஜூலை 6 அன்று ரூபியும் சஃபையரும் மணம் புரிந்தனர். சிவப்பு ரூபி வெள்ளை மணவாடையில். நீலச் சஃபையர் கோட்டு உடையில். நம் வீட்டுச் சிறுமி கண்டது இதைத்தான். இந்த மணத்துக்காகப் பல ஆண்டுகள் போராடியதையும், அதனால் வெளிநாட்டுப் பங்காளிகளின் நிதி விலகித் தொடரின் ஆயுள் குறைந்ததையும் ஷுகர் பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். சரியாக இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 6 அன்று, நம் உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு வயதுவந்தோரின் மனமொத்த உறவுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரே கோடையும் மழையுமாக நிகழ்ந்தவை.

2020இல் டிஸ்னியின் ‘அவுல் ஹவுஸ்’ தொடரில் லூஸ், அமிட்டி என்னும் இரு சிறுமியர் சேர்ந்து நடனமாடினர். அதே ஆண்டு நெட்ஃபிளிக்ஸின் ‘ஷீ-ரா’ தொடரில் அடோராவும் காட்ராவும் தம் காதலைச் சொல்ல, உலகம் பிழைத்தது. உள்ளுறை வெளிப்படையாயிற்று.

மறுபக்கம்

இது நேர்கோட்டு வளர்ச்சி என்று யாரும் எண்ண வேண்டா. கென்யாவின் திரைப்பட வகைப்பாட்டு வாரியம் 2017 ஜூனில், மேற்சொன்னவற்றுள் மூன்று உட்பட ஆறு சித்திரத் தொடர்களுக்குத் தடை விதித்தது. 2022இல் ‘லைட்இயர்’ படம், இரு பெண்களின் ஒரு நொடி முத்தத்தை நீக்க மறுத்ததால் ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா உள்ளிட்ட பல நாடுகளில் திரைக்கு வரவில்லை. 2024 டிசம்பரில் டிஸ்னி, ‘வின் ஆர் லூஸ்’ தொடரில் ஒரு பாத்திரத்தின் திருநர் அடையாளம் குறித்த உரையாடலை நீக்கியது. பெற்றோர் தாம் விரும்பும் காலத்தில் இவற்றைப் பிள்ளைகளோடு பேசவே விரும்புகின்றனர் என்பது அந்நிறுவனம் சொன்ன காரணம். 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தகைய மாந்தர் வரும் கதைப்புத்தகப் பாடங்களிலிருந்து சமயக் காரணத்துக்காகத் தம் பிள்ளைகளை விலக்கிக்கொள்ளப் பெற்றோர்க்கு உரிமையுண்டு என்னும் பக்கம் நின்றது.

பெற்றோரின் தயக்கத்தை நாம் எள்ளி நகையாட விரும்பவில்லை. அந்தத் தயக்கம் நம்மிடமே இருந்தது. எதை எந்த வயதில் சொல்வது என்பது எளிய வினாவும் அன்று. ஆனால் இவ்வரலாற்றைப் படித்தபின் ஒன்று தெளிவாகிறது. ஆணும் பெண்ணும் மணக்கும் காட்சியைக் குழந்தைகள் பார்க்கும்போது அது பாலியல் கல்வி என்று யாரும் சொல்வதில்லை. ‘ஸ்னோ ஒயிட்’ (1937) தொடங்கி இளவரசன் முத்தமிட்டுத்தான் இளவரசி எழுகிறாள். குழந்தை அதில் காண்பது, துயருற்றவள் அன்பினால் எழுந்தாள் என்பதையே. ரூபியும் சஃபையரும் மணந்தபோது நம் வீட்டுக் குழந்தை கண்டதும் அவ்வளவே. குழப்பம் திரையிலிருந்து வரவில்லை. ‘அக்கா தங்கச்சி’ என்று நாம் சொன்ன சொல்லிலிருந்து வந்தது.

விடுமுறை முடிந்து அவள் ஊருக்குப் புறப்படும் முன்னாள் மாலை, மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது நாமே பேச்செடுத்தோம். “அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேம்மா. அவங்க அக்கா தங்கச்சி இல்ல. ரெண்டு பேரும் காதலிச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. சில பேருக்கு அப்படித்தான் பிடிக்கும்.” அவள் ஒரு தலையணை உறையை மடித்தபடி, “எனக்குத் தெரியும் பெரியப்பா. உங்களுக்குத்தான் தெரியலன்னு நினைச்சேன்” என்றாள். பிறகு, அந்த மணநாளில் எதிரிகளின் விண்கலம் வந்து இறங்கியதையும் சண்டை நடந்ததையும் வெகுநேரம் விவரித்தாள். அவளுக்கு அதுவே கதை.